விற்கலாமா, விடலாமா?

தூத்துக்குடியில் பணி ஓய்வு என்பது பலருக்கு வீடு மாறும் நாளும்கூட. துறைமுகக் குடியிருப்பிலும் தெர்மல் நகரிலும் ஸ்பிக் நகரிலும் இருபது, முப்பது ஆண்டுகள் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள், ஓய்வு பெற்றதும் சாவியை நிர்வாகத்திடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வர வேண்டும். அதை முன்கூட்டியே நினைத்துத்தான் அவர்கள் ஒரு மனையை வாங்கிப்போட்டார்கள். பி.எஃப். கடன், சொசைட்டிக் கடன், மனைவியின் நகை என்று சேர்த்து முத்தையாபுரத்திலோ மில்லர்புரத்திலோ பிரையண்ட் நகரிலோ ஒரு வீட்டைக் கட்டினார்கள். கீழ்வீடு நமக்கு, மேல்வீடு பையனுக்கு என்பது அன்றைய திட்டம்.

தூத்துக்குடித் துறைமுகம் 1974இல் நாட்டின் பெரிய துறைமுகங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1979இல் மின்சாரம் தரத் தொடங்கியது. ஸ்பிக் உர ஆலையும் எழுபதுகளின் குழந்தைதான். அந்த அலையில் வேலைக்குச் சேர்ந்த தலைமுறை இன்று எழுபதை ஒட்டி நிற்கிறது. மேல்வீடு யாருக்காகக் கட்டப்பட்டதோ அந்தப் பையன் சென்னையில் இருக்கிறான், அல்லது பெங்களூரில், அல்லது துபாயில். பொங்கலுக்கு வருவான். ஆகஸ்ட் 5ஆம் தேதி பனிமய மாதா பெருவிழாவுக்கு வருவான். மற்ற நாட்களில் மாடிக் கதவு பூட்டியே கிடக்கிறது.

இந்தக் குடும்பங்களில் இன்று அதிகம் பேசப்படும் கேள்வி இதுதான்: வீட்டை விற்றுவிடலாமா, வாடகைக்கு விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு போய் இருக்கலாமா? தமிழ்நாட்டில் இது நாளுக்கு நாள் பெரிதாகப் போகும் கேள்வி. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் தமிழ்நாட்டு மக்களில் 13.6 விழுக்காட்டினர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். 2031இல் அது 18.2 விழுக்காடாக உயரும் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. இந்திய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு.

விற்கச் சொல்லும் குரல்கள் இப்போது ஊரில் பலமாகக் கேட்கின்றன. சிலாநத்தம் சிப்காட்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை 2025 ஆகஸ்ட் 4ஆம் தேதி திறக்கப்பட்டது. அதற்குச் சில நாட்களுக்கு முன்பு, ஜூலை 26ஆம் தேதி, வாகைக்குளம் விமான நிலையத்தின் புதிய முனையத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. "அண்ணாச்சி, இப்ப கொடுத்தா நல்ல ரேட்டு, விட்டா பிடிக்க முடியாது" என்று புரோக்கர் சொல்கிறார். "அண்ணாச்சி, கம்பெனி ஆளுங்க வாடகைக்குத் தேடுறாங்க, மேல்வீட்டைச் சும்மா ஏன் போட்டு வச்சிருக்கீங்க" என்று சொல்பவரும் அதே புரோக்கர்தான். இரண்டிலும் அவருக்குக் கமிஷன் உண்டு. ஆகவே கணக்கை வீட்டுக்காரரே போட்டுப் பார்க்க வேண்டும்.

அறுபது லட்சம் ரூபாய் பெறும் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை 12,000 என்றால் ஆண்டுக்கு 1,44,000 வரும். வீட்டு வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் ரிப்பேர், ஆள் மாறும்போது காலியாகக் கிடக்கும் ஒரு மாதம் எல்லாம் கழிந்தால் கையில் நிற்பது ஏறக்குறைய 1,10,000. வீட்டின் மதிப்பில் இரண்டு விழுக்காடுகூட இல்லை. அதே வீட்டை விற்று, முப்பது லட்சத்தை மட்டும் அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால்? அதன் உச்சவரம்பு முப்பது லட்சம். 2023 ஏப்ரலில் 8.2 விழுக்காடாக உயர்ந்த வட்டியில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய், ஆண்டுக்கு 2,46,000 கிடைக்கும். பாதிப் பணத்துக்கே வாடகையைப் போல இரண்டு மடங்கு. கணவன், மனைவி இருவருமே அறுபதைத் தாண்டியவர்கள் என்றால் ஆளுக்கொரு கணக்காகத் தொடங்கலாம்.

இந்த இடத்தில் பலர் பேனாவை மூடிவிட்டு விற்க முடிவெடுத்துவிடுகிறார்கள். கணக்கு இன்னும் முடியவில்லை. வைப்புத்தொகை பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் அதே முப்பது லட்சமாகத்தான் இருக்கும், அரிசி விலையும் ஆஸ்பத்திரிக் கட்டணமும் அப்படியே இருக்காது. வாடகை ஆண்டுக்காண்டு கொஞ்சமாவது ஏறும், மனையின் விலையும் ஏறும். தவிர, விற்ற பிறகு வீட்டுக்காரர் எங்கே குடியிருப்பார்? வாடகை வீட்டில் என்றால், வட்டியில் ஒரு பகுதி அந்த வாடகைக்கே போய்விடும்.

வரியும் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றால் வரும் லாபத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 12.5 விழுக்காடு வரி. அந்தத் தேதிக்கு முன் வாங்கிய வீடாக இருந்து, விற்பவர் இந்தியாவில் வசிப்பவராக இருந்தால், பணவீக்கத்தைக் கழித்து 20 விழுக்காடு என்ற பழைய முறையிலும் கணக்குப் போட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். 2001க்கு முன் வாங்கிய சொத்துக்கு, 2001 ஏப்ரல் 1ஆம் தேதி இருந்த மதிப்பையே வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ள முடியும். ஆனால் அது அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அந்த மதிப்பு எட்டு லட்சம், 2025-26ஆம் நிதியாண்டில் விற்ற விலை அறுபது லட்சம் என்று கொண்டால், புதிய முறையில் வரி 6,50,000, பழைய முறையில் ஏறக்குறைய 5,98,000. இதற்கு மேல் செஸ். வந்த லாபத்தில் இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று ஆண்டுக்குள் கட்டினாலோ வரிவிலக்கு உண்டு. அரசு நிறுவனங்கள் வெளியிடும் குறிப்பிட்ட பத்திரங்களில் ஆறு மாதத்துக்குள் ஐம்பது லட்சம் வரை போட்டாலும் விலக்கு உண்டு, ஆனால் ஐந்து ஆண்டு அதைத் தொட முடியாது. எழுபத்தெட்டு வயதுக்காரருக்கு ஐந்து ஆண்டு என்பது நீண்ட காலம்.

வாடகை வருமானத்துக்கு வரிச்சட்டம் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மிச்சத்தில் 30 விழுக்காட்டைப் பராமரிப்புச் செலவாக ரசீது கேட்காமலே கழித்துக்கொள்ளலாம்.

அந்த 30 விழுக்காடு தூத்துக்குடிக்குப் போதுமா என்பது வேறு விஷயம். இது உப்பளத்துக் காற்று வீசும் ஊர். கடற்காற்றில் வரும் உப்பு, காங்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருப்பிடித்த கம்பி தடித்து, மேலே இருக்கும் பூச்சை வெளியே தள்ளும். முதலில் பால்கனியின் அடிப்பக்கத்தில் முடிபோல ஒரு வெடிப்பு தெரியும். அடுத்த மழைக்கு அதன் ஓரத்தில் பழுப்பாகக் கசியும். ஒருநாள் காலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பத்தை கீழே விழுந்திருக்கும், மேலே பார்த்தால் கம்பி தெரியும். அதோடு சன்னல் கிரில்லும் கேட்டின் கீழ்க்கம்பியும் அரித்துப்போகும். வீட்டில் குடியிருப்பவர் முதல் வெடிப்பிலேயே கொத்தனாரைக் கூப்பிட்டுவிடுவார். சென்னையில் பிள்ளை வீட்டில் இருப்பவருக்குப் பத்தை விழுந்த பிறகுதான் போன் வரும். கடற்கரை ஊரில் வாடகைக்கு விட்டுவிட்டுத் தள்ளிப் போகிறவர், ஆண்டுக்கு ஒருமுறை வந்து மொட்டைமாடி தளவரிசையையும் பால்கனியையும் தன் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

வெள்ளத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பதிவானது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. தூத்துக்குடி மாநகரின் தாழ்வான நகர்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. அந்த வாரம் தரைத்தளத்தில் தனியாக இருந்த முதியவர்களின் நிலையை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது. வீடு வாங்க வருகிறவர் இன்று கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று "அந்த மழைக்குத் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்பதுதான். தெருவைவிட வீடு தாழ்ந்துபோன இடங்களில் விலையும் வாடகையும் அதற்கேற்பத்தான் பேசப்படும்.

இன்னொன்றையும் இந்தக் கடற்கரையின் வரலாறு சொல்லித் தருகிறது. ஒரு தொழிலை நம்பி ஊர் நிற்பது இங்கே புதிதில்லை. கொற்கை காலம் தொட்டுப் பேர்பெற்ற முத்துக்குளிப்பு 1961க்குப் பிறகு நடக்கவேயில்லை. ஸ்டெர்லைட் தாமிர ஆலை, 13 பேர் உயிரிழந்த 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் அரசாணையால் மூடப்பட்டது. அந்த மூடலுக்கு நியாயமான காரணங்கள் இருந்தன. ஆனாலும் அந்த ஆலையின் ஊழியர்களையும் ஒப்பந்தக்காரர்களையும் நம்பி மாடியைக் கட்டியவர்கள் குடித்தனக்காரர் இல்லாமல் தவித்ததும் உண்மை. வின்ஃபாஸ்ட் வந்துவிட்டது என்று கையிருப்பையெல்லாம் போட்டு அறுபத்தெட்டு வயதில் இன்னொரு மாடி எழுப்புவது புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை.

விலை, வாடகை, வரி எல்லாவற்றையும்விட முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. வீடு யார் பெயரில் இருக்கிறது?

பெரும்பாலும் கணவர் பெயரில் இருக்கிறது. உயில் எழுதாமல் அவர் காலமாகிவிட்டால், "என் வீடு" என்று மனைவி நினைத்துக்கொண்டிருக்கும் வீடு சட்டப்படி அவருடையதாக மட்டும் இருப்பதில்லை. தூத்துக்குடியில் ஒரே தெருவில் மூன்று விதமான வாரிசுச் சட்டங்கள் நடைமுறையில் இருக்கின்றன. மூன்று பிள்ளைகள் உள்ள விதவைத் தாயை எடுத்துக்கொள்வோம். இந்துக் குடும்பத்தில், கணவரின் தாயார் உயிரோடு இல்லையென்றால், அவருக்கு நான்கில் ஒரு பங்கு. கடற்கரைப் பரதவர் குடும்பங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பத்தில், 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு அவருக்கு, மிச்சம் பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம் குடும்பத்தில் எட்டில் ஒரு பங்கு. ஆக, அந்தத் தாய் விற்க நினைத்தாலும் எல்லாப் பிள்ளைகளும் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பையன் வெளிநாட்டுக் கப்பலில் இருந்தால் அவன் அனுப்பும் பவர் பத்திரம் வரும்வரை காத்திருக்க வேண்டும். வெளிநாட்டில் குடியேறிவிட்ட பிள்ளையின் பங்குக்குப் பழைய முறை வரிக்கணக்குக் கிடையாது, வாங்குபவரும் அந்தப் பங்குக்குக் கூடுதலாக வரி பிடித்தம் செய்தே பணம் தருவார்.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது, அது கணவர் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை. சுயமாகச் சம்பாதித்த வீட்டை இந்துவோ கிறிஸ்தவரோ மனைவிக்கு முழுமையாக உயில் எழுதிவைக்கலாம், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்யலாம். முஸ்லிம் சட்டத்தில் உயிலுக்கு வரம்பு உண்டு, வாரிசுக்கு எழுதினால் மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். அங்கே உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாக, அதாவது தானமாக, கொடுப்பது வழக்கம். காயல்பட்டினத்தில் இந்தக் கவலையை வேறு விதமாகவே தீர்த்து வைத்திருக்கிறார்கள். அங்கே முஸ்லிம் குடும்பங்களில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதும், வீடு மகள்கள் வழியே போவதும் நெடுநாள் வழக்கம். வயதான தாய் இருப்பது மகள் வீட்டில், மகள் இருப்பது தாய் தந்த வீட்டில். விற்கும் பேச்சு அங்கே எளிதில் எழுவதில்லை.

மணப்பாட்டில் கதை வேறு. கொழும்புக்கும் மும்பைக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போன குடும்பங்களின் பெரிய பெரிய வீடுகள் அங்கே இருக்கின்றன. செப்டம்பரில் திருச்சிலுவைத் திருவிழாவுக்குத் திறந்து, பெருக்கி, விளக்கேற்றி, ஊர்க்காரர்களோடு சாப்பிட்டுவிட்டு மறுபடி பூட்டுகிறார்கள். விற்க மனமில்லை. வாடகைக்கு வர ஆள் இல்லை. கணக்குப் புத்தகத்தில் அது நட்டம்தான். ஆனால் திருவிழாவுக்கு வந்து இறங்கச் சொந்தத் திண்ணை வேண்டும் என்ற ஆசையை நட்டம் என்று எழுதிவிட யாருக்கும் உரிமையில்லை. அந்த ஆசைக்கு ஆண்டுக்கு எவ்வளவு செலவாகிறது என்று தெரிந்து, கையில் வசதியும் இருந்தால், வைத்திருக்கலாம்.

விற்பதற்கும் வாடகைக்கும் நடுவில் தென்மாவட்டங்களில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. ஒத்தி. குடிவருபவர் ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிடுவார், மாத வாடகை கிடையாது. மூன்று ஆண்டோ ஐந்து ஆண்டோ கழித்து அதே தொகையைத் திருப்பிக் கொடுத்தால் வீட்டைக் காலி செய்வார். பணத்துக்கு வட்டியில்லை, வீட்டுக்கு வாடகையில்லை. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்திலேயே அனுபவ அடமானம் என்ற பெயரில் இதற்கு இடம் இருக்கிறது. தென்கொரியாவில் ஜியோன்சே என்ற பெயரில் கோடிக்கணக்கான மக்கள் இதே முறையில் குடியிருந்திருக்கிறார்கள். வீட்டு விலை சரிந்தபோது உரிமையாளர்களால் பணத்தைத் திருப்பித் தர முடியாமல், 2022, 2023 ஆண்டுகளில் அங்கே அது பெரும் துயரமாக வெடித்தது.

ஓய்வு பெற்றவருக்கு ஒத்தியில் இருக்கும் ஆபத்தும் அந்த இடத்தில்தான். எட்டு லட்சம் ஒத்திப் பணம் வருகிறது. பேத்தியின் கல்யாணம் வருகிறது, அல்லது பையன் கார் எடுக்கிறான். பணம் போய்விடும். மூன்று ஆண்டு முடிந்து ஒத்திக்காரர், "ஐயா, நான் சொந்தமா வீடு பாத்துட்டேன், பணத்தைக் குடுங்க" என்று வந்து நிற்கும்போது, அவருக்குக் கொடுக்க இன்னொரு ஒத்திக்காரரைத் தேட வேண்டியிருக்கும். கிடைக்கவில்லையென்றால் வட்டிக்கு வாங்க வேண்டும், அல்லது அவசரத்தில் அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டும். ஒத்திக்கு விடுவதென்றால் அந்தத் தொகையை ஒரு ரூபாய்கூடத் தொடாமல் வங்கியில் வைப்பாகப் போட்டு, வட்டியை மட்டும் வாடகையாகச் செலவழிக்கும் கட்டுப்பாடு வேண்டும். அடமானம் என்பதால் பத்திரத்தைப் பதிவு செய்தாக வேண்டும், வெறும் முத்திரைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதாது. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவும் கூடாது. இதெல்லாம் தன்னால் முடியாது என்று தோன்றினால் மாத வாடகையே மேல்.

வாடகை என்றால் பயப்படும் முதியவர்கள் நிறைய. குடிவந்தவர் காலி செய்யாமல் கோர்ட்டுக்கு இழுத்தடித்த கதை இல்லாத தெரு கிடையாது. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைச் சட்டம் இருந்த காலத்தில் அந்தப் பயம் சரியானதே. 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், இணையத்திலேயே பதியலாம். முன்பணத்துக்கு மூன்று மாத வாடகையை அளவாகச் சட்டம் சொல்கிறது. இரண்டு மாத வாடகை பாக்கி நின்றாலோ, உரிமையாளருக்குச் சொந்தக் குடியிருப்புக்கு வீடு தேவைப்பட்டாலோ காலி செய்யக் கேட்டு வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். பதினோரு மாத ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் டைப் அடித்துப் பீரோவில் வைத்தால் போதும் என்றுதான் பலரும் இன்னும் நினைக்கிறார்கள். பிரச்சினை வரும்போது பதியாத அந்தத் தாள் அவர்களுக்குக் கைகொடுக்காது.

குடித்தனக்காரரைவிடக் கவனமாக இருக்க வேண்டியது, சொல்லவே வருத்தமாக இருக்கிறது, சொந்த வீட்டுக்குள்தான். "விற்கவும் வேண்டாம், வாடகைக்கும் வேண்டாம், என் பேருக்கு எழுதிக் கொடுத்திருங்கப்பா, நான் பாத்துக்கிறேன்" என்று பிள்ளை சொல்லும்போது எந்தத் தகப்பனுக்கும் மறுக்க மனம் வராது. குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் எழுதக் கட்டணமும் குறைவு. விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 விழுக்காடு ஆகும்போது, இதற்கு ஒவ்வொன்றும் 1 விழுக்காடுதான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. ஒரே நாளில் முடிந்துவிடும் வேலை, ஆனால் திரும்பப் பெறுவது பெரும்பாடு.

நாகப்பட்டினத்தில் ஒரு மூதாட்டி, மகனும் மருமகளும் கடைசிவரை பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பி வீட்டை மகனுக்கு எழுதிக் கொடுத்தார். அவருக்கு மூன்று மகள்களும் உண்டு. மகன் இறந்துபோனார். மருமகள் கவனிக்கவில்லை. 87 வயதில் அந்தத் தாய் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தார், பத்திரம் ரத்தானது. மருமகள் மேல்முறையீடு செய்தார். 2025 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தாய்க்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பராமரிப்பேன் என்று பத்திரத்தில் எழுதியிருக்காவிட்டாலும், அன்பின் பேரில் கொடுக்கும் சொத்தில் அந்த நிபந்தனை உள்ளடங்கியிருக்கிறது என்பது நீதிமன்றத்தின் பார்வை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது. தூத்துக்குடி, திருச்செந்தூர், கோவில்பட்டி கோட்டாட்சியர் அலுவலகங்களிலும் இந்த மனுவைக் கொடுக்கலாம், வக்கீல் வேண்டியதில்லை. ஆனாலும் 87 வயதில் யாரும் அந்தப் படியேற வேண்டிய நிலை வரக் கூடாது. எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், கணவன் மனைவி இருவரும் உயிருள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கவும் வாடகையை வாங்கிக்கொள்ளவும் உரிமை உண்டு என்றும், பராமரிப்பது பிள்ளையின் கடமை என்றும் பத்திரத்தில் தெளிவாக எழுதச் சொல்ல வேண்டும்.

வீட்டை விட்டுப் போகாமலே அதிலிருந்து மாதாமாதம் பணம் பெறும் ஏற்பாடும் 2007 முதல் இந்தியாவில் இருக்கிறது. தேசிய வீட்டுவசதி வங்கி விதிமுறை வகுத்த தலைகீழ் அடமானம் அது. அறுபது வயதைக் கடந்தவர், தான் குடியிருக்கும் சொந்த வீட்டை அடமானம் வைத்தால் வங்கி அவருக்கு இருபது ஆண்டு வரை மாதந்தோறும் தரும். அந்தப் பணத்துக்கு வருமான வரி இல்லை. இருவரும் காலமான பிறகு, பிள்ளைகள் கடனை அடைத்து வீட்டை மீட்கலாம், இல்லையென்றால் வங்கி விற்றுக் கடனை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தரும். திட்டம் நல்லது. நம் ஊரில் அது பரவவேயில்லை. வீட்டைப் பிள்ளைகளுக்கு விட்டுப்போகாத பெற்றோர் என்ற பேச்சுக்குப் பயந்தே பலர் கேட்பதில்லை, கேட்பவர்களிடமும் பல வங்கிக் கிளைகள் ஆர்வம் காட்டுவதில்லை.

பிரான்சில் இதற்குப் பல தலைமுறைப் பழக்கம் உண்டு. ஆர்ல் நகரில் ழான் கல்மான் என்ற மூதாட்டி 1965இல், தன் 90ஆம் வயதில், ஒரு பத்திர வக்கீலிடம் தன் வீட்டை விற்றார். சாகும்வரை அவர் அங்கேயே குடியிருக்கலாம், அதுவரை வக்கீல் மாதம் 2,500 பிராங்க் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். வக்கீல் 1995இல், 77 வயதில் இறந்துபோனார். அவர் மனைவி தொடர்ந்து கட்டினார். கல்மான் அம்மையார் 1997இல்தான், 122 வயதில் காலமானார். அதற்குள் வீட்டின் மதிப்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அவருக்கு வந்து சேர்ந்திருந்தது. அவ்வளவு ஆயுள் எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் விற்ற பிறகும் குடியிருக்கும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டாரே, அந்த விவேகம் எந்த ஊர் முதியவருக்கும் பொருந்தும்.

ஆக, ஓய்வூதியம் வருகிறதா என்பதிலிருந்து தொடங்க வேண்டும். துறைமுகத்திலும் மின்வாரியத்திலும் பழைய ஓய்வூதியத்தில் இருப்பவர்களுக்கு மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும், மருத்துவ உதவியும் உண்டு. அவர்கள் அவசரப்பட்டு விற்க ஒரு காரணமும் இல்லை. மேல்வீட்டை வாடகைக்கு விட்டுக் கீழ்வீட்டில் இருந்தால் வருமானத்தோடு ஆள் துணையும் சேர்கிறது. இரவில் நெஞ்சு வலித்தால் மாடியிலிருந்து இறங்கி ஓடிவர ஒரு குடும்பம் இருப்பதற்கு எந்த வட்டி விகிதமும் ஈடாகாது. தனியார் ஆலைகளிலும் நூற்பாலைகளிலும் ஓய்வு பெற்றவர்கள் நிலைமை அப்படியில்லை. பி.எஃப். ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014இல் ஆயிரம் ரூபாய் என்று வைக்கப்பட்டது. அதையும் அதைச் சற்றே தாண்டிய தொகையையும் நம்பி இருப்பவர்களுக்கு வீடுதான் ஓய்வூதியம்.

பிள்ளையோடு போய் இருக்கப் போகிறவர்கள், முதல் ஆண்டில் விற்காமல் இருப்பது நல்லது. ஒப்பந்தத்தைப் பதிந்து ஓர் ஆண்டுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, சாமான்களை ஓர் அறையில் பூட்டிவைத்துவிட்டுப் போகலாம். பன்னிரண்டாம் மாடி ஃபிளாட்டில் மருமகளின் சமையலறையும் பேரப்பிள்ளைகளின் பரீட்சை நேரமும் ஒத்துவருகிறதா, பேச ஆள் கிடைக்கிறதா என்பதெல்லாம் ஓர் ஆண்டில் தெரிந்துவிடும். ஒத்துவந்தால் அப்போது விற்கலாம். ஒத்துவராவிட்டால் திரும்பி வர ஒரு வீடு இருக்கும்.

விற்றே ஆக வேண்டிய வீடுகளும் உண்டு. ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் ஏறும் தாழ்வான வீடு, கம்பி தெரியும் தளத்தைச் செப்பனிடக் காசில்லாத வீடு, துணையை இழந்து தனியாக இருக்கும் ஒருவருக்குத் தாங்க முடியாத அளவு பெரிய வீடு. அவற்றை விற்பதில் குற்ற உணர்ச்சி வேண்டியதில்லை. விற்குமுன் வில்லங்கச் சான்று எடுத்து, பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றி, மூலப் பத்திரத்தைத் தேடி எடுத்துவைத்துவிட்டால், பத்திரத்தில் குறை சொல்லி விலையைக் குறைக்க வாங்குபவருக்கு வழியிருக்காது. கறுப்பாகக் கொஞ்சம், வெள்ளையாகக் கொஞ்சம் என்று பேசினால் ஒத்துக்கொள்ள வேண்டாம். ரொக்கமாக வந்த பணத்தை வீட்டில் வைத்துக் காவல் காப்பது முதியவர் வேலையில்லை. மாதம் இரண்டு விழுக்காடு தருகிறோம் என்று வரும் நிதி நிறுவனங்களைப் படியேற விடக் கூடாது. ஒரு வங்கி மூழ்கினால் காப்பீடு கிடைப்பது ஐந்து லட்சத்துக்கு மட்டுமே என்பதால், பெருந்தொகையை இரண்டு மூன்று வங்கிகளிலும் அஞ்சலகத்திலுமாகப் பிரித்துப் போடுவது பாதுகாப்பு. பணம் வந்ததும் பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கும் பேச்சு எழும். அதற்கு முன்னால், மேட்டுப்பாங்கான ஒரு தெருவில், ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் அல்லது மாதா கோயிலுக்கும் நடந்து போகும் தூரத்தில், படியேற வேண்டாத ஒரு சிறிய வீட்டைத் தன் பெயரில் வாங்கிவிட வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் வாங்கினால் அந்தத் தொகைக்கு லாப வரியும் இல்லை. பங்கு பிரிப்பது அதற்குப் பிறகு, மிச்சம் இருந்தால்.